விடுதியில் கேட்ட தமிழ்கள்

நம் பழைய மாணவர் சங்கத்து நண்பர்களே, 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி மட்டக்களப்பில் மிச்சம் வைத்த கூரைகள் கொஞ்சம்தான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடமும் தப்பவில்லை. அடுத்த தையில் அப்பா என்னை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிவந்து நம் கல்லூரி விடுதியில் சேர்த்தார்.

முதல் கிழமையே பட்டப்பெயர் விழுந்துவிட்டது. இடியப்பத்துக்குச் சொதி கொண்டுவந்தவரிடம் "மறுகா ஊத்துங்க" என்றேன், பிறகு ஊற்றுங்கள் என்ற அர்த்தத்தில். மேசை முழுக்கச் சிரிப்பு. யாழ்ப்பாணத்தார் போல "பேந்து" என்று சொல்லியிருந்தால் ஒருவனும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டான். உயர்தரம் முடித்து வெளிக்கிடும்வரை நான் "மறுகா"தான். அந்தப் பெயரில் பாசம் இருந்தது. இன்றைக்கும் தொலைபேசியில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பாய்க் கதைதான் நொந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்களை மட்டக்களப்பார் மந்திரம் போட்டு, ஊர் திரும்ப முடியாதபடி பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற பேச்சு உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் வாய் திறந்ததும் அந்தக் கதை வந்துவிடும். பிள்ளையைப் பார்க்க வந்த ஒரு தாய், "தம்பி மட்டக்களப்பே?" என்று கேட்டுவிட்டு, தன் மகனின் கட்டிலை என் பக்கத்திலிருந்து மாற்றச் சொன்னார். பகிடிக்கு அல்ல, உண்மையான பயத்தோடு. வியாபாரத்துக்கும் உத்தியோகத்துக்கும் வந்த யாழ்ப்பாணத்தார் எத்தனையோ பேர் எங்கள் பக்கம் பெண் எடுத்து, வயலும் வாவியும் எருமைத் தயிருமாக அங்கேயே தங்கிவிட்டார்கள். அதற்கு மந்திரமா வேண்டும்?

அந்தப் பேச்சை வகுப்பில் நிறுத்தியவர் எங்கள் தமிழ் ஆசிரியர். விபுலானந்த அடிகளைப் படிப்பிக்கும்போது என்னை எழுப்பிவிட்டு, "அடிகள் பிறந்த காரைதீவில் கதைக்கிற தமிழ்தான் இவன் கதைக்கிறதும்" என்றார். அடிகள் மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர் என்று சொல்லிக்கொண்டே போனார். வகுப்பு சத்தமில்லாமல் இருந்தது. பேச்சுத் தமிழ்களுக்குள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்புத் தமிழ் என்று செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் எழுதியிருப்பதைப் பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். அன்றைக்கே தெரிந்திருந்தால் சாப்பாட்டு மண்டபத்தில் எழுந்து நின்று சொல்லியிருப்பேன்.

எனக்காவது காட்டுவதற்கு ஓர் அடிகள் இருந்தார். என்னோடு படித்த, மலையகத்தின் அட்டன் பக்கத்து நண்பனுக்கு அப்படி யாரும் அகப்படவில்லை. 1977 இனக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து கிளிநொச்சியில் குடியேறிய குடும்பம். அவன் "பேசினேன்" என்றால், "ஆருக்கடா பேசினனீ?" என்று மடக்குவார்கள், யாழ்ப்பாணத்தில் அது ஏசுவதல்லவா. "ஆமா" என்றாலும் சிரிப்பு. "தோட்டக்காட்டான்" என்ற சொல் மட்டும் பகிடியாக வரவில்லை. 1948இல் சட்டம் போட்டு அந்த மக்களின் குடியுரிமையைப் பறித்தது அரசு. அவர்களை ஒரு படி கீழே வைத்துப் பார்த்ததில் நமக்கும் பங்குண்டு. கல்லூரி நாடகங்களில் வேலைக்காரன் பாத்திரம் எப்போதும் அவனுக்குத்தான். அத்தனை கணீரென்ற குரலுக்கு அரச வேடம் தந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஒரு தவணைக்குள் அவன் "ஓம்", "கதைக்கிறன்" எல்லாம் பழகிவிட்டான். ஒருநாள் அவனுடைய அப்பா வந்திருந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு துணிப்பை. வாசலில் நின்றபடியே, "என்னப்பா, நல்லா இருக்கியா? ஒழுங்கா சாப்புடுறியா?" என்று கேட்டார். சுற்றி நாங்கள் நின்றோம். இவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம் அப்பா, இருக்கிறன். நீங்கள் எப்ப வெளிக்கிட்டனீங்கள்?" என்றான். அவர் ஒரு கணம் மகனையே பார்த்தார். அப்புறம் அதிகம் பேசவில்லை. துணிப்பையைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பின்னாளில் அகதிகளாகச் சென்னைக்குப் போன நம் வகுப்புத் தோழர்களிடம் கடைக்குக் கடை ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "நீங்க கேரளாவா?" தாங்கள் கதைப்பதுதான் சுத்தத் தமிழ் என்று வளர்ந்தவர்களுக்கு அது சுட்டது. அதைச் சொல்லிச் சொல்லி மனம் நொந்தவர்கள் ரொறன்ரோவில் தமிழ்ப் போட்டிகளுக்கு நடுவர்களாக உட்காரும்போது ஏன் அதை மறக்கிறார்கள்? சில வருடங்களுக்கு முன் ஒரு பேச்சுப்போட்டியில், தாய் நுவரெலியாவைச் சேர்ந்த ஒரு சிறுமி மிக நன்றாகப் பேசினாள். "பிள்ளைக்குத் தோட்டத்துத் தமிழ்" என்று சொல்லி உச்சரிப்பில் புள்ளி குறைத்தார்கள். அவள் ழகரத்தை ஒரு இடத்திலும் தவறவிடவில்லை. மழையை "மளை" என்று சொல்லும் நம் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு யாரும் ஒரு புள்ளியும் குறைக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் ஆறவில்லை.

ஆகவே சங்க நிர்வாகத்திடம் ஒன்று கேட்கிறேன். இந்த வருடப் பேச்சுப்போட்டியில் ஒரு சுற்றையாவது வீட்டுத் தமிழுக்கு விடுங்கள். பிள்ளை அம்மம்மாவோடு கதைப்பது போலவே மேடையிலும் கதைக்கட்டும். நடுவர்களில் ஒருவராவது மலையகத்தவராக இருக்கட்டும். மட்டக்களப்புக்கு ஆள் தேவையென்றால் நான் வருகிறேன்.