பழைய பெற்றோல் உழவு மெசினுக்குப் பிளக் வயர் வாங்கும்போது

யாழ்ப்பாணத்து வயல்களில் இன்று ஓடுகிற உழவு மெசின்களில் பெரும்பாலானவை டீசல். அவற்றுக்குப் பொறி கிளப்புகிற பிளக்கும் இல்லை, அதற்கு மின்சாரம் கொண்டுபோகிற பிளக் வயரும் இல்லை. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்ற்றியில் செய்யப்பட்ட சாம்பல் நிறப் பெர்கசன் ரி.ஈ. 20 போன்ற பெற்றோல், மண்ணெண்ணெய் மெசின்களை இன்னும் கைவிடாமல் வைத்திருப்பவர்களுக்கு இது. மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கிற பொயின்ற் வைத்த பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கார்களுக்கென்று அளவாக வெட்டி விற்கிற வயர் செற் வாங்க வேண்டாம். மீற்றர் கணக்கில் விற்கிற 7 மில்லிமீற்றர் செப்புக் கம்பி வயரை வாங்கி, அளந்து வெட்டிப் பூட்டுங்கள். "அண்ணை, உள்ளுக்க செப்புக் கம்பி ஓடுற பிளக் வயர் தாங்கோ, காபன் நூல் வயர் வேண்டாம்" என்று கடையில் விளங்கச் சொல்லிக் கேளுங்கள். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நுனியைப் பார்த்தால் தெரியும்: ஒன்றில் மினுங்கும் கம்பி இழைகள், மற்றதில் கறுத்த நூல். பொதியிலேயே அடைத்து வந்ததென்றால் மல்ரிமீற்றரை இரண்டு நுனியிலும் வையுங்கள். செப்பு வயர் ஒரு ஓம்கூடக் காட்டாது. காபன் வயர் ஆயிரக்கணக்கில் காட்டும்.

காபன் வயர் தன்னளவில் கெட்ட சாமான் இல்லை. பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறையாகப் பங்கிடுகிற பழைய டிஸ்ரிபியூட்டரின் மூடிதான் அதற்கு ஒத்துவராது. லூக்காஸ் நிறுவனத்து மூடிகள் பலவற்றில் வயர் பக்கவாட்டில் நுழையும். மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தால் ஒவ்வொரு வயருக்கும் ஒரு கூர் ஸ்குறூ இருக்கும். அதை இறுக்கும்போது அது வயரின் தோலைத் துளைத்து நடுக் கம்பியில் போய்க் குத்தும். செப்பு இழைகள் அந்தக் கூரைச் சுற்றி நெருங்கிப் பிடித்துக்கொள்ளும். காபன் நூல் விலகிக் கொடுக்கும், அல்லது அறுந்துவிடும். பிறகு அந்த மயிரிழை இடைவெளியைப் பொறி ஒவ்வொரு முறையும் பாய்ந்து கடக்க வேண்டும். நூல் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும். பூட்டிய அன்று மெசின் அருமையாக ஓடும், சில கிழமையில் சுமை ஏறினால் இடையிடையே வெடிக்காமல் மிஸ் பண்ணத் தொடங்கும். புது வயர்தானே என்று அதை விட்டுவிட்டு காபரேற்றரைக் கழற்றுவார்கள். மரை போட்டு வயருக்குள் திருகிப் பூட்டுகிற மோட்டார் சைக்கிள் பிளக் தொப்பிக்கும் இதே கதைதான், செப்பு வயருக்கு மட்டுமே அது சரிவரும்.

வீட்டு வயரிங் கம்பியை மாட்டி ஓட்டுகிறவர்களும் உண்டு. 0.67 மில்லிமீற்றர் இழை ஏழு உள்ள 7/0.67 வயரில் செப்புக்குக் குறையில்லை, ஆனால் அதன் தோல் வீட்டு மின்சாரத்துக்குச் செய்தது. மெசினில் வோல்ற்றைக் கூட்டுகிற கொயிலிலிருந்து வருவது பத்தாயிரம் வோல்ற்றைத் தாண்டும். அந்தத் தோல் அதைத் தாங்காது, பொறி இரும்பைத் தேடிப் போய்விடும்.

தோலைப் பற்றியும் கேளுங்கள். பி.வி.சி. தோல் மலிவு, ஆனால் புகைக்குழாய்ச் சூட்டில் இளகும். மண்ணெண்ணெய் மெசினில் எரிபொருள் ஆவியாக வேண்டும் என்பதற்காகவே குழாய்ப் பக்கத்தைச் சூடாக வைத்திருப்பார்கள். வயர் அதற்குக் கிட்டப் போகிறதென்றால் சிலிக்கன் தோல் போட்ட வயருக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண் போகாது. பழைய றப்பர் தோல் மண்ணெண்ணெய் பட்டுப் பட்டு ஊதி, பிறகு வெடிக்கும். சிலிக்கன் சூட்டைத் தாங்கும், ஆனால் மென்மையானது. தகர விளிம்பில் உரசினால் கிழியும், எலிக்கும் அணிலுக்கும் பல் வைக்க லேசு.

மாற்றுவதற்கு முன், வயர்தான் பிழையா என்று இரவில் பாருங்கள். விளக்கை அணைத்து, பெற்றோல், மண்ணெண்ணெய்க் கானைத் தூரத்தில் வைத்துவிட்டு, மெசினை மெதுவாக ஓடவிட்டு, பூச்செடிக்குத் தெளிக்கிற போத்தலால் வயர்மேல் பனிபோலத் தண்ணீர் அடியுங்கள். காற்று எண்ணெய்ப் பக்கமிருந்து வீசும் இடத்தில் வேண்டாம். தோல் கசிந்தால் வயரிலிருந்து இரும்புக்கு நீல நூல்கள் துடிக்கும், சத்தமும் "டிக் டிக்" என்று கேட்கும். கையால் தொட வேண்டாம். ஒன்றும் தெரியாவிட்டால் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சில் கீறியதுபோலக் கறுப்புக் கோடு இருந்தால் மூடியை மாற்ற வேண்டும், வயர் மாற்றிப் பயனில்லை. கடற்கரைப் பக்கத்து மெசின்களில் வயர் நுனிச் செப்பில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். தோல் நல்லாயிருந்தால் நுனியை ஒரு சென்ரிமீற்றர் வெட்டிப் புதிதாகப் பூட்டினால் போதும்.

நீளம் பார்க்கப் பழைய வயரை நம்பாதீர்கள், அதை யாராவது முன்பே வெட்டியிருப்பார்கள். ஒரு சணல் கயிற்றை மூடியிலிருந்து பிளக் வரை வயர் போக வேண்டிய வழியே பிடித்து அளந்து, மூன்று சென்ரிமீற்றர் கூட்டுங்கள். நாலு பிளக் வயரும் கொயில் வயரும் மூன்று மீற்றருக்குள் அடங்கும்.

ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகப் பூட்டுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டால், பெர்கசனுக்கு வெடி ஒழுங்கு 1-3-4-2 என்பதை நினைவில் வையுங்கள். றேடியேற்றர்ப் பக்கத்துச் சிலிண்டர்தான் ஒன்று. டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் இருக்கிற ரோட்டர் எந்தப் பக்கம் சுழல்கிறதென்று ஹாண்டிலால் சுற்றிப் பார்த்து, அந்தத் திசையிலேயே ஒழுங்கைப் பிடியுங்கள். இந்த ஒழுங்கில் 3 வெடித்தவுடன் 4, 2 வெடித்தவுடன் 1. அந்தச் சோடி வயர்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டினால் ஒன்றின் மின்சாரம் மற்றதில் தூண்டப்பட்டு, வெடிக்க முறை வராத சிலிண்டரில் பொறி விழலாம். அழகுக்காக நாலையும் சேர்த்து ரேப் சுற்றுவது அதனால்தான் கூடாது. விரலிடைவெளி விட்டு, குறுக்காகப் போகிற இடத்தில் மட்டும் தொடட்டும்.

மரைத் தொப்பி வைத்த பழைய கொயிலென்றால், வயரை முதலில் தொப்பிக்குள் நுழைத்து, நுனித் தோலை ஆறு மில்லிமீற்றர் சீவி, சின்னப் பித்தளை வாசரைப் போட்டு, இழைகளை அதன்மேல் பூப்போல விரித்து மடித்த பிறகுதான் இறுக்க வேண்டும். வாசரைத் தொலைத்துவிட்டு வெறும் இழையை முறுக்கி நுழைப்பவர்கள் கன பேர். மெசின் அதிரும்போது அது விலகும்.

செப்பு வயரால் வானொலி இரையும். அதற்கு 5 கிலோ ஓம் தடை உள்ள பிளக் தொப்பி போட்டால் போதும். பிளக்கின் எண்ணிலேயே "ஆர்" என்ற எழுத்து இருந்தால் தடை பிளக்குக்குள் இருக்கிறது, தடைத் தொப்பி தேவையில்லை.

மண்ணெண்ணெயில் ஓடுகிற மெசினில் பிளக் கரி பிடிப்பது வழமை. நாலு வயரும் புதிதாக இருந்தும் ஒரு சிலிண்டர் மட்டும் வெடிக்கவில்லையென்றால், மெசினை நிறுத்தி அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பூட்டி ஓட்டுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் பிளக்தான் பிழை. வயரைக் கழற்றி அந்தரத்தில் தொங்கவிட்டபடி மட்டும் ஓட்ட வேண்டாம். பொறி போக வழியில்லாமல் கொயிலுக்குள்ளேயே உடைத்துக்கொண்டு பாயும், கொயில் போய்விடும்.

மிஞ்சுகிற வயரில், இருக்கிறவற்றுள் மிக நீளமானதன் அளவுக்கு ஒரு துண்டை இரண்டு நுனியும் செய்து ஆயுதப் பெட்டிக்குள் வையுங்கள். நீள வயரை எந்தச் சிலிண்டருக்கும் மாட்டலாம். குட்டை வயரை முடிச்சுப் போட்டு நீட்டினால் அந்த முடிச்சிலேயே கசியும்.