ரேஞ்ச்ஃபைண்டரா, எஸ்எல்ஆரா: முதலில் தூரத்தை முடிவு செய்யுங்கள்

ஃபிலிமில் படமெடுக்க ஆசைப்பட்டு, சிங்கப்பூரின் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமராக்கள் அடுக்கிவைக்கப்பட்டிருக்கும் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரும் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: லைக்கா போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குவதா, நிக்கான் எஃப்எம்2 போன்ற எஸ்எல்ஆர் வாங்குவதா? அதற்குள் அவர்கள் இரண்டின் விலையையும் தோற்றத்தையும் ஒப்பிட்டுக் குழம்பிப்போயிருப்பார்கள். நான் அவர்களிடம் கேட்பது வேறொன்று: படமெடுக்கும்போது நீங்கள் மனிதர்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்பவர்? இரண்டு வகைக் கேமராக்களையும் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் எனக்கு, இந்த ஒரு கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்துவிட்டால் எந்தக் கேமரா என்பதில் முக்கால்வாசி முடிவு வந்துவிட்டது என்பதில் ஐயமே இல்லை.

எஸ்எல்ஆரில், லென்ஸ் வழியே வரும் ஒளியைச் சாய்வாக நிற்கும் ஒரு கண்ணாடி மேலே திருப்பி ஃபோகஸ் திரையில் விழச்செய்கிறது. அதற்கு மேலுள்ள பட்டகம் பிம்பத்தை நேராக்கிக் கண்ணுக்குக் கொடுக்கிறது. லென்ஸ் பார்ப்பதைத்தான் நாமும் பார்க்கிறோம். ரேஞ்ச்ஃபைண்டரிலோ நாம் பார்ப்பது லென்ஸ் வழியே அல்ல, கேமராவின் மேல்மூலையிலுள்ள தனிச் சாளரத்தின் வழியே. சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொரு சிறிய சாளரத்திலிருந்து வரும் பிம்பம், நடுவிலுள்ள வெளிறிய கட்டத்தில் நிழல்போல் விலகித் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப அந்த நிழல் நகர்ந்துவந்து அசல் உருவத்தோடு பொருந்துகிற இடத்தில் ஃபோகஸ் அமைந்துவிடும்.

இந்த அமைப்பின் துல்லியம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டே சொல்லலாம். இரண்டு சாளரங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை கண் வைத்துப் பார்க்கும் சாளரமான வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்க வேண்டும்; வரும் எண் எவ்வளவு பெரிதோ, துல்லியமும் அவ்வளவு கூடுதல். 1954இல் வந்த லைக்கா எம்3இல் இடைவெளி 68.5 மி.மீ., உருப்பெருக்கம் 0.91, பெருக்கினால் ஏறத்தாழ 62 மி.மீ. 1984இல் வந்த எம்6இல் இடைவெளி 69.25 மி.மீ., உருப்பெருக்கம் 0.72, பெருக்கினால் ஏறத்தாழ 50 மி.மீ. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அகலமான காட்சியைப் பிடிக்கும் 28 மி.மீ. லென்ஸ் மாட்டினாலும் தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கும் நீண்ட 135 மி.மீ. லென்ஸ் மாட்டினாலும் இந்த எண் மாறுவதில்லை. எஸ்எல்ஆரில் நிலைமை நேர்மாறானது: நீண்ட லென்ஸ் மாட்டினால் திரையிலுள்ள பிம்பமே பெரிதாகிவிடுவதால் ஃபோகஸ் செய்வது எளிதாகிறது, அகல லென்ஸ் மாட்டினால் எல்லாமே சிறுத்து, எது கூர்மை எது கூர்மையில்லை என்று மங்கிய வெளிச்சத்தில் பிரித்தறிய முடியாமல் போகிறது. ஆகவே 28, 35 மி.மீ. லென்ஸ்களில் ரேஞ்ச்ஃபைண்டர் தெளிவாக முந்துகிறது, 50இல் இரண்டும் ஏறக்குறைய சமம், 85ஐத் தாண்டினால் எஸ்எல்ஆரோடு போட்டியிடுவதில் பொருளில்லை. ரேஞ்ச்ஃபைண்டருக்குப் பேர்போன லைக்கா நிறுவனமே 135 மி.மீ. எஃப்2.8 லென்ஸுக்கு, வியூஃபைண்டர் பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டக் கண்ணாடி வில்லைகளைச் சேர்த்துத்தான் விற்றது. அதைவிட நீண்ட லென்ஸ்களுக்கு விசோஃப்ளெக்ஸ் என்ற கண்ணாடிப்பெட்டியை முன்னால் பொருத்தச் சொன்னது. அதாவது, தன் ரேஞ்ச்ஃபைண்டரை அதுவே எஸ்எல்ஆராக மாற்ற வேண்டியிருந்தது. நிக்கான் 1957இல் தான் வெளியிட்ட எஸ்பி என்ற ரேஞ்ச்ஃபைண்டரின் பாடியை அடித்தளமாகக்கொண்டு, நடுவில் கண்ணாடிப்பெட்டி வைத்து 1959இல் எஃப் கேமராவை உருவாக்கியபோது, நீண்ட லென்ஸ் தேவைப்பட்ட செய்திப் படக்காரர்கள் அந்தப் பக்கம் போனதில் வியப்பில்லை.

இனி, தூரத்துக்கு வருகிறேன். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் காவடி கட்டும் இடத்தில், ஒன்றரை மீட்டருக்கு மேல் பின்வாங்க இடமே இருக்காது. அங்கே 35 மி.மீ. லென்ஸும் ரேஞ்ச்ஃபைண்டரும் கையில் இருந்தால், படத்தின் எல்லையைக் காட்டும் சட்டகக் கோடுகளுக்கு வெளியே நடப்பதும் வியூஃபைண்டரில் தெரிகிறது. காவடி சுழலும்போது மயிற்பீலி இடப்பக்கத்திலிருந்து சட்டகத்துக்குள் நுழையப்போவதை முன்கூட்டியே பார்த்து, அது முகத்தை மறைக்காமல் தோளருகே வரும் கணத்தில் விரலை அழுத்த முடிகிறது. எஸ்எல்ஆரில் பீலி சட்டகத்துக்குள் வந்த பிறகுதான் வந்தது தெரியும். அழுத்திய கணத்தில் கண்ணாடி மேலெழுந்து பார்வையும் இருண்டுவிடும். நாம் படமாக்கிய அந்தக் கணத்தை மட்டும் நாம் பார்த்திருக்கவே மாட்டோம். ரேஞ்ச்ஃபைண்டரில் அது கண்முன்னே நடந்து முடிகிறது. மேலெழுந்து மோதும் கண்ணாடி இல்லாததால், தீபாவளி விளக்குகள் ஒளிரும் இரவில் 1/15 நொடியில்கூடக் கைநடுக்கம் தெரியாமல் எடுக்கலாம்.

ஆனால் அதே கோயிலில், நாக்கில் அலகு குத்தும் அந்த நொடியை மிக நெருக்கத்தில் எடுக்க நினைத்தால் ரேஞ்ச்ஃபைண்டர் கைவிட்டுவிடும். லைக்காவின் எம் வகை லென்ஸ்களில் பெரும்பாலானவை 0.7 மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆவதில்லை. நிக்கானின் 55 மி.மீ. மைக்ரோ லென்ஸோ கால் மீட்டர் வரை நெருங்கும். டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலை நெருங்கும் பக்தரின் களைத்த முகத்தைச் சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து, கூட்டத்தைப் பின்னணியில் கரையவிட்டு எடுக்க வேண்டுமென்றாலும் 105 மி.மீ. எஃப்2.5 லென்ஸோடு ஓர் எஸ்எல்ஆர்தான் வேண்டும். எம்6இல் 90 மி.மீ. சட்டகம் நடுவில் ஒரு சின்னக் கட்டமாகத்தான் இருக்கும்; அதற்குள் ஒரு முகத்தின் உணர்ச்சியைப் படிப்பது கடினம். சட்டகக் கோடுகள் 0.7 மீட்டர் தூரத்துக்கு ஏற்ப வரையப்பட்டிருப்பதால், தொலைவில் உள்ளதை எடுக்கும்போது கோட்டுக்கு வெளியே இருப்பதும் கணிசமாகப் படத்தில் விழுந்துவிடும். ஓரங்களை அளந்துவைத்துப் படம் அமைப்பவர்களுக்கு இது ஓயாத தொல்லை. என்னைப்போல் மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு எம்6இன் 28 மி.மீ. கோடுகள் முழுமையாகத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் ஊர்த் தட்பவெப்பம் இந்தத் தேர்வில் எவ்வளவு தலையிடுகிறது என்பதை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. குளிரூட்டப்பட்ட கடைத்தொகுதியில் நெடுநேரம் இருந்துவிட்டு வெளியே வந்தால் லென்ஸின் முன்கண்ணாடியில் சட்டென்று ஈரம் படியும். எஸ்எல்ஆரில் திரை பாலாக வெளுப்பதால் உடனே துடைப்போம், அல்லது காத்திருப்போம். ரேஞ்ச்ஃபைண்டரிலோ லென்ஸ் வழியே நாம் பார்ப்பதில்லை. வியூஃபைண்டர் தெளிந்துவிட்டாலும் லென்ஸ் இன்னும் மூடுபனி போர்த்தியிருக்கலாம், படச்சுருளைக் கழுவும்வரை அது தெரியவும் தெரியாது. வெயிலும் அப்படித்தான். லைக்கா எம்3, எம்6 போன்றவற்றின் ஷட்டர் திரை ரப்பர் பூசிய துணியால் ஆனது. எஸ்எல்ஆரில் இருப்பதுபோல் அதற்கு முன்னால் மறைப்பாகச் சாய்வுக் கண்ணாடி எதுவும் இல்லை. ஏறக்குறைய நேர் உச்சியில் சூரியன் நிற்கும் நண்பகலில், திறந்தவெளி மேசைமீது கேமராவை லென்ஸ் மேல்நோக்கி இருக்கும்படி வைத்தால், தொலைதூர ஃபோகஸில் உள்ள அந்த லென்ஸ் பூதக்கண்ணாடியைப்போல் வேலைசெய்து துணியில் ஓட்டை போட்டுவிடும். மூடி போட்டுவைப்பதே பாதுகாப்பு. ஆனால் மூடியைக் கழற்ற மறந்தாலும் வியூஃபைண்டரில் எல்லாம் பளிச்சென்றே தெரியும் என்பதால், எம்3 போல ஒளிமானி இல்லாத கேமராவில் எச்சரிக்க எதுவுமே இருக்காது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிக்கானின் பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைச் சில நூறு வெள்ளிக்குள் வாங்கிவிடலாம். லைக்காவின் புதிய லென்ஸுக்குப் பல ஆயிரம் வெள்ளி ஆகும். கேனன் கேனோநெட், யாஷிகா எலக்ட்ரோ 35 போன்ற, லென்ஸ் மாற்ற முடியாத ரேஞ்ச்ஃபைண்டர்கள் குறைந்த செலவில் இந்தப் பார்வைமுறை நமக்கு ஒத்துவருமா என்று பழகிப்பார்க்க ஏற்றவை.

எனக்குத் தெருவும் கோயிலும்தான் களம் என்பதால் 35 மி.மீ. லென்ஸோடு ரேஞ்ச்ஃபைண்டரைத்தான் பெரும்பாலும் எடுத்துச்செல்கிறேன்; அதை விட்டுவிடும் எண்ணம் இல்லை. ஆனாலும் முதல் ஃபிலிம் கேமரா வாங்குபவருக்கு, தான் எவ்வளவு தூரத்தில் நிற்கப்போகிறார் என்பது இன்னும் பிடிபடாதவருக்கு, 50 மி.மீ. லென்ஸுடன் ஓர் எஸ்எல்ஆரைத்தான் பரிந்துரைப்பேன். குழந்தையின் விரலையும் எடுக்கலாம், சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் தூரத்தில் நிற்கும் கொக்கையும் லென்ஸை மாற்றி எடுக்கலாம். ஒரு வருடம் கழித்து எடுத்த படங்களைப் பரப்பிவைத்துப் பார்த்தால், தம் இயல்பான தூரம் எது என்று அவருக்கே விளங்கும். எல்லாப் படங்களும் ஒன்றிலிருந்து மூன்று மீட்டருக்குள் எடுத்தவையாக இருந்தால் அப்போது ரேஞ்ச்ஃபைண்டருக்கு மாறலாம்.

எதை வாங்கினாலும் சோதித்து வாங்குங்கள். எஸ்எல்ஆரின் லென்ஸைக் கழற்றி, கண்ணாடி வந்து மோதும் இடத்திலுள்ள பஞ்சுப்பட்டையைப் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது பிசினாக உருகி, கண்ணாடியிலும் திரையிலும் ஒட்டிக்கொள்ளும். அதை மாற்றுவது பெரிய வேலையல்ல, ஆனால் விலையைக் குறைத்துக் கேட்க நியாயமான காரணம். ரேஞ்ச்ஃபைண்டரைக் கடைக்கு வெளியே எடுத்துவந்து, தூரத்து வீவக அடுக்குமாடிக் குடியிருப்பின் உச்சியிலுள்ள இடிதாங்கியைக் குறிவையுங்கள். லென்ஸ் வளையம் முடிவிலியில் நிற்கும்போது இரண்டு கம்பிகளும் ஒன்றாக வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே தெரிந்தாலோ, நடுக்கட்டமே மங்கிப்போயிருந்தாலோ, அந்தக் கேமராவை அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். சரியாகப் பொருந்தினாலும், திருப்பிக்கொடுக்க ஒரு வாரம் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு, லென்ஸின் ஒளித்துளையை முழுவதும் திறந்துவைத்து, மிகக் குறைந்த தூரத்தில் பாதிச் சுருளும் தொலைதூரத்தில் மீதியும் எடுத்துக் கழுவிப்பாருங்கள்.