ரீச்சரின் வெள்ளைச் சேலை

எங்கள் காலத்தில் "அடக்கம்" என்ற சொல்லைக் கேட்காமல் ஒரு நாளும் போகாது. சத்தமாகச் சிரித்தால், சைக்கிளைக் கொஞ்சம் வேகமாக மிதித்தால், "பொம்பிளைப் பிள்ளை அடக்கமா இருக்க வேணும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல்லே எனக்கு வெறுத்துப் போயிருந்தது. அதன் மேல் மரியாதை வரச் செய்தவர் எங்கள் தமிழ் ரீச்சர்.

கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, உயராத குரல். 1995இல் உயர்தர வகுப்பில் ஒரு நாள், "நாணுடைமை எந்தப் பாலில வருது?" என்று கேட்டார். வகுப்பே சேர்ந்து காமத்துப்பால் என்றோம். "புத்தகத்தைத் திறந்து பாருங்கோ" என்றார். பொருட்பால், குடியியல், 102ஆம் அதிகாரம்! ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகச் சொன்னது. முதல் குறளிலேயே வள்ளுவர், தகாத செயலுக்கு நாணுவது வேறு, பெண்களின் வெட்கம் வேறு என்று பிரித்துவிடுகிறார். "பிறர்பழியும் தம்பழியும் நாணுவார்" என்பதை மட்டும் ரீச்சர் இரண்டு தரம் வாசித்தார். மற்றவருக்கு வரும் பழிக்கும் கூசுகிற மனம் வேண்டும் பிள்ளையள், தலையைக் குனிஞ்சு நடக்கிறது இல்லை நாணம் என்றார். நானும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அப்போது அவ்வளவுதான்.

அப்புறம் ஒக்டோபர் 30 வந்தது. போருக்குப் பயந்து, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதிச் சனம் முழுவதும் ஒரே இரவில் பக்கத்துத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து நடந்தது உங்களில் பலருக்கும் தெரியும். மழை. நாவற்குழிப் பாலத்துக்குப் போகும் பாதையில் நகர முடியாத சனம். செம்மணி வெளியில் ஒதுங்க ஒரு பற்றைகூட இல்லை. மணிக்கணக்காக அடக்கிக்கொண்டு நின்ற பெண் பிள்ளைகள் வாய் திறக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தோம்.

ரீச்சர்தான் கண்டுபிடித்தார். தோளில் கிடந்த பையிலிருந்து ஒரு வெள்ளைச் சேலையை எடுத்து, ஒரு தலைப்பை என் அம்மாவிடம் கொடுத்து, மறுதலைப்பைத் தானே உயர்த்திப் பிடித்தார். பிறகு, வகுப்பில் நாங்கள் ஒரு நாளும் கேட்டிராத குரலில், "தம்பிமார், எல்லாரும் அங்கால திரும்பி நில்லுங்கோ!" என்றார். அத்தனை ஆண்களும் திரும்பி நின்றார்கள். ஒவ்வொருவராகப் போய் வந்தோம். பிறகு முன்பின் தெரியாத பெண்களும் வரிசையில் சேர்ந்தார்கள். கை நடுங்க நடுங்க, நீண்ட நேரம் அந்தச் சேலை தாழவே இல்லை. நனைந்த துணியின் கீழ்க்கரை முழுவதும் சேறு.

சாவகச்சேரியில் ஒரு மாமரத்தின் கீழ் மீண்டும் வகுப்பு எடுத்தபோது அதே சேலையைத்தான் உடுத்தியிருந்தார். தோய்த்தும் சேற்றுக் கறை போகவில்லை. நாங்கள் அதையே பார்க்க, ரீச்சர் ஒன்றும் சொல்லாமல் பாடத்தைத் தொடங்கினார்.

ரொறன்ரோவில் இருந்து ரீச்சருடன் தொலைபேசியில் கதைக்கும்போது, இந்த மலரில் இதை எழுதப் போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "சரி, எழுதும். என்ர பேரைப் போட வேண்டாம்" என்றார்.

போடவில்லை, ரீச்சர்.