புள்ளி வலப்பக்கம் வந்தால் இடப்பக்கம் பார்

மண்டபத்தில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். என் அண்ணன் மகள் பெங்களூரில், கண் அசைவை மூளை எப்படி நடத்துகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாள். பொங்கலுக்கு வந்தவள், "சித்தப்பா, ஸ்கேனுக்கு ஆள் வேணும், வர்றீங்களா?" என்றாள். சரி என்றேன்.

முதல் தடை படிவத்திலேயே வந்தது. கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டதுண்டா? இருபது வருஷமாக கிரைண்டர் பிடிக்கிற எனக்குப் படாமல் இருக்குமா? அது எம்.ஆர்.ஐ. ஸ்கேன், பெரிய காந்தத்தை வைத்து உடம்புக்குள் படம் எடுப்பது. அந்தக் காந்தத்தின் பலம் 3 டெஸ்லா. கண்ணுக்குள் துகள் தங்கியிருந்தால் அதை இழுத்துப் பார்வையையே கெடுத்துவிடலாம். ராமநாதபுரம் போய்க் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்து, எதுவும் இல்லை என்று எழுதி வாங்கிய பிறகுதான் பஸ் ஏறினேன். வெல்டிங், லேத் வேலை செய்கிறவர்கள் எந்த எம்.ஆர்.ஐ.க்குப் போனாலும், யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

அதற்கு முன்பே மூன்று நாள் வீட்டுத் திண்ணையில் லேப்டாப் வைத்துப் பழகினேன். திரை நடுவில் ஒரு கூட்டல் குறி. வலப்பக்கம் புள்ளி வந்தால் இடப்பக்கம் பார்க்க வேண்டும், இடப்பக்கம் வந்தால் வலப்பக்கம். கேட்க எளிது. ஆனால் சின்ன வயசிலிருந்து அப்பாவோடு வள்ளத்தில் போய், தண்ணீரில் எங்கே மினுங்கினாலும் அங்கே ஓடிப் பழகிய கண் இது. நான் வேண்டாம் என்று நினைப்பதற்குள் புள்ளியைத் தொட்டுவிட்டுத் திரும்பும். அப்படி ஓடுவதை அடக்குவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிகளின் வேலையாம். அங்கே அடிபட்டவர்கள் இதில் அதிகம் தவறுவார்கள் என்றாள்.

ஸ்கேனில் காதை அடைத்து, தலைக்கு இருபுறமும் பஞ்சு வைத்து, முகத்துக்கு மேல் ஒரு கூண்டு மாட்டினார்கள். அதில் சாய்த்து வைத்த கண்ணாடி வழியாகத்தான் திரை தெரியும். அகச்சிவப்பு கேமரா ஒன்று கருவிழியையே பார்த்துக்கொண்டிருந்தது. என் இமை சற்றுத் தொங்கல். அதனால் கேமராவைச் சரிசெய்யவே கால் மணி நேரம் போனது. அப்புறம் கடகடவென்று சத்தம், விடாமல் புள்ளிகள். சிமிட்டாமல் இருந்து கண் காய்ந்துபோனது. பயந்தால் அமுக்க ஒரு ரப்பர் பந்து கையில் இருந்தது. அதற்குத் தேவை வரவில்லை.

ஏன் இத்தனை தடவை என்று கேட்டேன். கண் ஒரு பக்கம் தாவுவது பத்தில் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. இயந்திரம் பார்ப்பதோ மூளையில் அப்போது வேலை செய்யும் இடத்து ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதை. அது உச்சத்துக்கு வர ஐந்தாறு நொடி ஆகும், மாற்றமும் மிகச் சின்னது. பல தடவை சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

பிறகு என் கண் போன கோட்டைத் திரையில் காட்டினாள். ஓரிடத்தில் கோடு புள்ளியை நோக்கி ஏறி, சட்டென்று மடிந்து எதிர்ப்பக்கம் இறங்கியது. தவறிவிட்டேனே என்றேன். "இதுவும் வேணும் சித்தப்பா, அழிக்க மாட்டோம்" என்றாள்.