மெயின் ஆஃப் பண்ணிட்டா டெஸ்டர் எரியாது

நான் எலெக்ட்ரீஷியன். வீடு கொருக்குப்பேட்டை, வேலை பூரா வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம். செவுத்துல ட்ரில் வைக்கறதுக்கு முன்னாடி சுவிட்ச் போர்டு எங்க இருக்குன்னு பாப்போம், பைப் அதுக்கு நேர் மேலயோ நேர் கீழயோ தான் போவும், அந்த லைன்ல கை வைக்க மாட்டோம். ஆனா எவனாவது நடுவுல போர்டை இடம் மாத்தி இருந்தான்னா கதை கந்தல். எம்.சி. ரோடு பக்கம் ஒரு பழைய வீட்டுல ஷெல்ஃப் மாட்ட போயி பட்டுனு ஒரு சத்தம், வீடு பூரா இருட்டு, அந்த ஓனரம்மா என்னை பாத்த பார்வை இன்னும் மறக்கல.

இதை எதுக்கு சொல்றேன்னா, அக்கா பொண்ணுக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆச்சு. அப்ப அதுக்கு மூணு வயசு. ஹார்ட்டோட கீழ் அறை ரெண்டுக்கும் நடுவுல இருக்கற செவுத்துல ஓட்டை, பேட்ச் வெச்சு தெச்சாங்க. ஓட்டை க்ளீனா மூடிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு, அக்கா அங்கயே உக்காந்து அழுதுச்சு, சந்தோஷத்துல தான். சாயங்காலம் ஐசியூல எட்டி பாத்தா புள்ள நெஞ்சுலேந்து முடி மாதிரி ரெண்டு ஒயர் வெளிய வந்து ஒரு பெட்டில போய் சொருகி இருக்கு, பெட்டில திருகற நாப், ஒரு சின்ன லைட் மினுக் மினுக்குன்னு. எங்கம்மா என் காதுல, "இன்னாடா, கரண்ட்டுலயா ஓடுது?"ங்குது.

ஆமா, அன்னிக்கு கரண்ட்டுல தான் ஓடுச்சு. ஹார்ட் ப்ளாக், அதாவது மேல் அறைலேந்து கெளம்பற கரண்ட் கீழ் அறைக்கு போய் சேரல.

ஹார்ட்டுக்குன்னு சொந்தமா ஒரு ஒயரிங் இருக்கு. மேல வலது அறைல கரண்ட் கெளம்பும், நடுவுல ஏவி நோடுன்னு ஒரு ஜங்ஷன் பாக்ஸ், அங்கேந்து ஒத்த லைன் கீழ் அறைங்களுக்கு போவும். அந்த லைனை 1893-ல ஹிஸ்னு ஒருத்தர் கண்டுபுடிச்சாரு, ஜங்ஷன் பாக்ஸை 1906-ல தவாரான்னு ஒரு ஜப்பான்காரர். பெரியவங்களுக்கே அது ஒரு அரிசி அளவு தான், குழந்தைக்குன்னா யோசிச்சு பாருங்க. கலரும் சுத்தி இருக்கற சதை கலரே தான், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கீழ் அறைங்க நடுவுல வர்ற இந்த ஓட்டைக்கு பேரு விஎஸ்டி, அதுல ரொம்ப சகஜமா வர்ற வகைல, அந்த லைன் ஓட்டையோட கீழ் ஓரத்தை ஒட்டி பின்பக்கமா போவுது, அதாவது ஊசி போட வேண்டிய எடத்துலயே. அதனால டாக்டருங்களும் நம்ம மாதிரி அடையாளம் வெச்சு தான் ஒதுங்கி தெக்கறாங்க. பிறவிலயே கோளாறா இருக்கற சில ஹார்ட்டுல ஜங்ஷன் பாக்ஸே எடம் மாறி இருக்குமாம். போர்டை இடம் மாத்தின வீடு தான் அது.

நான் டாக்டரை கேட்டேன், ஏன் சார் டெஸ்டர் மாதிரி எதையாவது வெச்சு பாத்துட்டு தெக்கக்கூடாதான்னு. சிரிச்சாரு. தைக்கும்போது ஹார்ட்டையே மருந்து குடுத்து நிறுத்தி வெச்சிருக்கோம்பா, கரண்ட்டே ஓடாதேன்னாரு. எனக்கு சுருக்குனு ஆச்சு, மெயின் ஆஃப் பண்ணிட்டா டெஸ்டர் எப்படி எரியும்?

அப்பறம் தான் அமெரிக்கால பாஸ்டன் சில்ரன்ஸ் ஹாஸ்பிடலும் யூட்டா யுனிவர்சிட்டியும் சேர்ந்து பண்ற வேலையை பத்தி படிச்சேன். பேனா மாதிரி ஒரு ப்ரோப், உள்ள ஃபைபர் ஆப்டிக், முனைய நிறுத்தி வெச்ச ஹார்ட் மேல தொட்டா மைக்ராஸ்கோப் படம் உடனே டிவில வரும். அதுக்கு முன்னாடி அந்த எடத்துல ஃப்ளோரசின்னு ஒரு சாயம் தடவறாங்க. கண் ஆஸ்பத்திரில சுகர் பேஷன்ட்டுக்கு ஊசில ஏத்தி போட்டோ எடுப்பாங்களே, அதே சாயம் தான் (எங்கம்மாவுக்கு போட்டுட்டு அன்னிக்கு பாத்ரூம் போய் மஞ்சளை பாத்து அலறுன கதை தனி). லேசர் பட்டா சாயம் மின்னும், செல்லுங்க கருப்பா தெரியும். சாதா ஹார்ட் சதைன்னா பாய் பின்னுன மாதிரி வரிசையா ஒரே பக்கமா ஓடும், ஒயரிங் எடம் வந்தா வரிசையே இல்லாம சிக்குன வலை மாதிரி இருக்கும். வலை பின்னற காசிமேட்டு மீனவனுக்கு ஒரு செகண்ட்ல வித்தியாசம் தெரிஞ்சுடும். கரண்ட்டே ஓடத் தேவையில்ல, சதையோட பின்னலை பாத்தே இங்க ஊசி போடாதன்னு தெரிஞ்சுக்கலாம். ஆளுங்க மேலயே ட்ரை பண்ணி பாத்துட்டாங்க.

அதுக்காக இது வந்தா ப்ளாக்கே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு ஆழம் கூட அது பாக்காது, லைன் உள்ள புதைஞ்சு போச்சுன்னா போச்சு தான். ஏற்கனவே இந்த மாதிரி ஆபரேஷன்ல நூத்துக்கு ஒண்ணுலேந்து மூணு குழந்தைங்களுக்கு தான் நிரந்தரமா ப்ளாக் ஆவுதுன்னு சொல்றாங்க. கேக்க கம்மியா இருக்கு, ஐசியூ வாசல்ல உக்காந்திருக்கறவனுக்கு அது கம்மி இல்ல. அந்த குழந்தைக்கு வயித்துல பேஸ்மேக்கர், அதாவது கரண்ட் குடுத்து ஹார்ட்டை துடிக்க வெக்கற மெஷின் வெச்சு, பேட்டரி தீர தீர ஆயுசு பூரா மாத்திக்கினே இருக்கணும்.

ஐசியூல பாத்த அந்த பெட்டியும் வெளிய வெக்கற பேஸ்மேக்கர் தான், அதுக்கும் ஒரு கதை இருக்கு. 1950-கள்ல லில்லிஹைன்னு ஒரு சர்ஜன் மினியாபோலிஸ்ல குழந்தைங்களுக்கு இந்த ஓட்டையை மூடினப்பவே ப்ளாக் பிரச்னை வந்துச்சு. அப்ப பேஸ்மேக்கர்னா சுவத்து ப்ளக்ல சொருகற பெரிய மெஷின். 1957 அக்டோபர்ல ஊர் பூரா கரண்ட் கட். அப்பறம் தான் ஆஸ்பத்திரி மெஷினை எல்லாம் ரிப்பேர் பண்ணிக்கினு இருந்த ஏர்ல் பேக்கன்னு ஒருத்தரை கூப்ட்டு, பேட்டரில ஓடற மாதிரி ஒண்ணு பண்ணுன்னாரு. அவரு கராஜ்ல உக்காந்து கைல அடங்கற சைஸ்ல பண்ணி குடுத்தாரு. ரிப்பேர்காரன் சார்! இதை நான் கடைல எத்தினி பேர்கிட்ட சொல்லிட்டேன் தெரியுமா.

நம்ம புள்ளைக்கு ஒரு வாரம் பத்து நாள் பாப்போம், தெச்ச எடத்துல வீக்கம் வடிஞ்சா ஹார்ட்டோட சொந்த துடிப்பு தானா வந்தாலும் வரும்னாங்க. ஆறாவது நாள் விடிகாலைல வந்துடுச்சு, பெட்டில லைட் மினுக்கறது நின்னுச்சு, அதுவே துடிக்குதுன்னு சிஸ்டர் சொன்னாங்க. இன்னும் ரெண்டு நாள் வெச்சு பாத்துட்டு ஒயரை உருவுனாங்க. புள்ள "மாமா மாமா"ன்னு என் சட்டையை புடிச்சிக்கினு கத்துச்சு. நான் சிஸ்டர்கிட்ட அந்த ஒயரை ஒரு தபா காட்டுங்கன்னேன், ஈர நூல் மாதிரி இருந்துச்சு, நுனில மட்டும் உறிச்சு விட்ட மாதிரி கம்பி. என்ன கேஜ்னு கேக்கலாம்னு வாய் தொறக்கறதுக்குள்ள குப்பை டப்பால போட்டுட்டாங்க.