நாய்க்குக் கட்டி: தருமபுரியில் ஊசிப் பரிசோதனை செய்துகொள்வது எப்படி

கட்டியைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு "வெறும் கொழுப்புதான், விடுங்க" என்று யார் சொன்னாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். மாஸ்ட் செல் (தோலில் இருக்கும் ஒருவகை நோய் எதிர்ப்பு செல்) புற்றுக்கட்டியும் சில நேரம் கொழுப்புக் கட்டி மாதிரியே மெத்தென்றிருக்கும். மெல்லிய ஊசியால் செல்லை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். தோல் கட்டிக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டாம். பழகின ஆள் தலையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

22 அல்லது 23 கேஜ் (பருமன் அளவு) ஊசி, 5 மில்லி சிரிஞ்ச். உள்ளே விட்ட ஊசியை வெளியே எடுக்காமலே இரண்டு மூன்று திசையில் குத்தி இழுப்பார்கள். பெரிய கட்டியின் நடுவில் செத்த திசுதான் இருக்கும், அதனால் ஓரத்திலும் எடுக்கச் சொல்லுங்கள். ஊசியை உருவுமுன் இழுத்துப் பிடித்திருக்கும் பிஸ்டனை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் கிடைத்த சொற்பமும் சிரிஞ்சுக்குள் ஏறிவிடும்.

காரியம் கெடுவது பெரும்பாலும் ஸ்லைடில்தான். ஊசியில் வந்ததைக் கண்ணாடி ஸ்லைடில் துளியாக விட்டு, அதன் மேல் இன்னொரு ஸ்லைடை வைத்து, அழுத்தாமல் வழுக்கி இழுக்க வேண்டும். அழுத்தினால் செல் நசுங்கி இழை இழையாகிவிடும். உடனே விசிறி உலர்த்துங்கள். நாலு ஸ்லைடாவது போடுங்கள். பெயரை நாங்கள் பென்சிலில்தான் எழுதுவோம், மார்க்கர் மை, சாயம் போடுமுன் ஸ்லைடை முக்கும் மெத்தனாலில் கரைந்துவிடும். உலராமல் எண்ணெய்போல மினுங்கினால் கொழுப்புக் கட்டியாக இருக்கலாம், ஆனாலும் அனுப்புங்கள்.

ஸ்லைடை அனுப்ப, சேலம் வழியாக நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி; ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு ஹெப்பாள் கல்லூரி பக்கம். ஸ்லைடு வாங்குவார்களா என்று முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் பாட்டிலை ஸ்லைடோடு ஒரே பார்சலில் வைக்கவே கூடாது. மூடியிருந்தாலும் கசியும் ஆவி பட்டால் சாயம் சரியாகப் பிடிக்காது. ஃபிரிட்ஜும் வேண்டாம், வெளியே எடுத்ததும் வேர்த்து, செல் வெடித்துவிடும்.

தெருநாய்களுக்கு இனப்பெருக்க உறுப்பில் வரும் தொற்றுக் கட்டி இந்த ஊசிப் பரிசோதனையிலேயே தெளிவாகத் தெரிந்துவிடும். புற்று மருந்தான வின்கிரிஸ்டின் ஊசி வாரம் ஒன்றாகச் சில வாரம் போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும், கத்தி வைக்க வேண்டியதில்லை. மடிக் கட்டியில் அப்படி நம்ப முடியாது. சாதாக் கட்டியா புற்றா என்று ஊசி உறுதியாகச் சொல்லாது, அறுத்தெடுத்த திசுவைச் சோதிக்கும் பயாப்ஸிதான். மூத்திரப்பையில் கட்டி என்று சந்தேகம் வந்தால் வயிறு வழியாக ஊசி போட விடாதீர்கள், போன வழியில் புற்று ஒட்டி வளரக்கூடும்.

குத்திய இடம் சிவந்து வீங்கினால் தேய்க்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாஸ்ட் செல், வீக்கம் உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்டியிருக்கலாம். ரிப்போர்ட்டில் "செல் போதவில்லை" என்று வந்தால் புற்று இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், மறுபடி ஊசி போடச் சொல்லுங்கள்.