பார்க்காத மலையை வரைந்தவர்

பெர்லினில் எனக்குக் கிடைத்தது ஒன்றரை நாள்தான் என்றாலும், அதில் ஒரு முழுக் காலைப்பொழுதை ஒரே ஓவியத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். அருங்காட்சியகத் தீவிலுள்ள பழைய தேசிய ஓவியக்கூடத்தின் மேல்தளத்தில், ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் 1824-25இல் தைல வண்ணத்தில் தீட்டிய 'வாட்ஸ்மன்' இருக்கிறது. சுமார் 135 செ.மீ. உயரமும் 170 செ.மீ. அகலமும் கொண்ட அந்தக் கித்தானில் மனிதர் ஒருவர்கூட இல்லை; வீடில்லை, பாதையில்லை. பழுப்பும் பச்சையுமான பாறைச் சரிவுகளுக்கு அப்பால், பனி மூடிய சிகரம் மட்டும் வெளிச்சத்தில் நிற்கிறது.

காவலர் அனுமதிக்கும் தூரம்வரை நெருங்கிப் பார்த்தேன். பனியைக் காட்ட வெள்ளையைக் கெட்டியாக அப்பிவிடுவது எளிது. ஃபிரீட்ரிக்கோ மெல்லிய வண்ணப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசியிருப்பதால், தூரிகை போன தடமே கண்ணில் படுவதில்லை. சிகரத்தின் நிழல் பக்கத்தில் வெண்மை எந்த இடத்தில் நீலமாக மாறுகிறது என்று பலமுறை தேடியும் என்னால் பிடிக்க முடியவில்லை.

பவேரியாவில் பெர்ஷ்டெஸ்காடன் ஊருக்கு மேலே 2,713 மீட்டர் உயரத்தில் நிற்கும் வாட்ஸ்மன் என்ற அந்த மலையை ஃபிரீட்ரிக் வாழ்நாளில் பார்த்ததே இல்லை. ஆல்ப்ஸ் பக்கமே அவர் போனதில்லை. சிகரத்தின் வடிவத்தை, தம் மாணவர் ஆகஸ்ட் ஹைன்ரிஷ் அங்கே சென்று தீட்டிய நீர்வண்ணப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டார். அந்த மாணவரோ 1822இலேயே, முப்பது வயதைக்கூட எட்டாமல் இறந்துவிட்டார். முன்னால் எழும் பாறை, வடக்கே வெகுதொலைவிலுள்ள ஹார்ஸ் மலைகளில் ஃபிரீட்ரிக் 1811இல் பென்சிலால் வரைந்துவைத்தது. இதை அறிந்த பிறகும் ஓவியத்தின் மீது எனக்கிருந்த மதிப்பு குறையவில்லை, கூடியது. ஒவ்வொரு கல்லையும் அதன் எதிரே உட்கார்ந்து பார்த்து வரைந்தவருக்கு, அந்தக் கற்களைக் கொண்டு ஒரு மலையைக் கட்டும் உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

இந்த ஓவியத்துக்கு வேறொரு துயரக் கதையும் உண்டு. 1937இல், நாஜிகளிடமிருந்து தப்பி நாட்டை விட்டு வெளியேறுவதற்காக இதன் யூத உரிமையாளர் விற்க நேர்ந்தது. 2002இல்தான் அது அவருடைய வாரிசுகளுக்குத் திருப்பித் தரப்பட்டது. அவர்களிடமிருந்து ஒரு வங்கி அதை வாங்கி, ஓவியக்கூடத்தின் பொறுப்பிலேயே விட்டுவைத்திருக்கிறது.

ஃபிரீட்ரிக்கின் நண்பரும் ஓவியருமான கெர்ஸ்டிங் தீட்டிய சிறிய ஓவியம் ஒன்றில் அவருடைய நண்பரின் பட்டறையைப் பார்க்கலாம். வெறுஞ்சுவரில் வண்ணத்தட்டுகளும் அளவுகோலும் மூலைமட்டமும் தொங்க, சன்னலின் கீழ்ப்பாதி அடைக்கப்பட்டிருக்கிறது. நாற்காலியின் முதுகில் சாய்ந்தபடி ஃபிரீட்ரிக் கித்தானையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நமக்குத் தெரிவது அந்தக் கித்தானின் பின்புறம் மட்டுமே.

மறுநாள் டிரெஸ்டனிலிருந்து எல்பா ஆற்றங்கரையோரமாகப் போகும் ரயிலில் ஏறி கிரிப்பனில் இறங்கினேன். 1813இல் போர் டிரெஸ்டனை நெருங்கியபோது ஃபிரீட்ரிக் ஒதுங்கியிருந்த ஊர் இது. அங்கிருந்து நடந்து, சுமார் 350 மீட்டர் உயரமுள்ள கைசர்குரோன் குன்றில் ஏறினேன். 1818 வாக்கில் அவர் தீட்டிய 'மூடுபனிக் கடலுக்கு மேலே நிற்கும் பயணி' ஓவியத்தில் அந்த மனிதர் கால் ஊன்றியிருக்கும் பாறைக்கு மாதிரி இந்தக் குன்றில்தான் இருக்கிறது. கையை ஊன்றி ஏறியபோது மணற்கல்லின் துகள்கள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டன.

அன்று மூடுபனி இல்லை. பக்கத்தில் ஸிர்கெல்ஸ்டைன் குன்று தலைதூக்கி நின்றது. ஆனால் ஓவியத்தில் பயணிக்கு எதிரே எழும் பாறைகள், ஆற்றோடு கீழே வெகுதூரம் தள்ளி, ராட்டன் ஊருக்கருகிலுள்ள காம்ரிக் பாறைகளை வைத்து வரையப்பட்டவை என்பார்கள். அவற்றை அங்கிருந்து தேடிப் பயனில்லை என்று தெரிந்திருந்தும், இறங்குமுன் ஒருமுறை அந்தத் திசையில் கண்ணை ஓட்டினேன்.